தொட்டிக்குள் இருப்பவன் பேச வேண்டும்

உள்ளே போகும்போது ரெஜிஸின் வயிறு வழிவிட்டது. வெளியே வரும்போது மாட்டேன் என்றுவிட்டது.

சிமெண்டுத் தொட்டியின் அடியில் இருப்பதைக் கதவு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். நாய் என்றால் தாராளமாக நுழையும். மனுஷன் என்றால் இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டி, மூச்சை விட்டுவிட்டு ஊர்ந்துதான் போக வேண்டும். ஒயினை வடித்த பிறகு உள்ளே தங்கும் திராட்சைச் சக்கையை வாரித் தள்ள யாராவது போய்த்தானே ஆகணும்? பிரான்சில் மதிரான் பக்கம் எந்தத் திராட்சைத் தோட்டக்காரனும் தன் தொட்டிக்குள் அடுத்தவனை அனுப்ப மாட்டான். ரெஜிஸுக்கு அந்தக் கௌரவம் கொஞ்சம் அதிகம்.

சக்கை வெளியே போயிற்று, மண்வெட்டியும் போயிற்று, ரெஜிஸ் மட்டும் உள்ளே. தலையும் தோளும் வந்தன. இடுப்பருகே விளிம்பு கவ்விக்கொண்டது. ஆப்பசைத்த குரங்கு கணக்காய்க் கொஞ்ச நேரம் திணறிவிட்டுப் பின்னால் சரிந்து உள்ளேயே உட்கார்ந்துவிட்டான். மேலே உள்ள திறப்பிலோ தலை மட்டும்தான் நுழையும்.

"பேசு!" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தாள் அவன் மனைவி ஒதில்.

சக்கையிலிருந்து எழும் விஷக்காற்று சத்தமில்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். மின்விசிறி வைத்து ஊதினாலும், மெழுகுவத்தி கொளுத்திப் பார்த்தாலும், அங்கே யாரும் அதை மட்டும் நம்புவதில்லை. உள்ளே இருப்பவன் வாய் ஓயக் கூடாது. பாடலாம், திட்டலாம். சத்தம் நின்றால் வெளியே நிற்பவள் ஊரைக் கூட்டிவிட வேண்டும்.

"என்னத்தப் பேசறது? மாட்டிக்கிட்டேன்டி."

"அதான் தெரியுதே. ஒயினப் பத்திப் பேசு. அதுதான் உனக்கு ஓயாம வரும்."

ரெஜிஸுக்குச் சொல்லியா தர வேண்டும்? "போர்தோக்காரன் மெர்லோ திராட்சையப் போட்டுப் பஞ்சு மெத்த பண்றான். பூர்கோன்ல பினோ நுவார், சுண்ணாம்பு மண்ணு. கோழிக்கறிக்கு ஆகும், நோயாளிக்கும் ஆகும். பொஜொலேல கருங்கல் மண்ணுல கமேன்னு ஒரு திராட்ச. அது ஒயினா? பழச்சாறு! நம்ம ஊரு தன்னா திராட்ச இருக்கே, களிமண்ணையும் கூழாங்கல்லையும் தின்னு வளர்ந்தது. நாக்கப் புடிச்சு இழுக்கும். வாத்துக்கறிய வெச்சாத்தான் அடங்கும்."

"ஆமா, வாத்து! கல்யாணமான நாள்லேருந்து என் அடுப்புல வாத்தத் தவிர வேற என்ன வெந்துச்சு? கொழுப்புல வாத்து, அவரைக்கொட்டையோட வாத்து, சூப்புலயும் வாத்து. மீன் வாங்கினா உன் ஒயின் கசக்குது. கோழி வெச்சா கோழி இருந்த எடமே தெரியல. நான் உனக்கா சமைச்சேன்? உன் ஒயினுக்குல்ல சமைச்சேன்!"

"அந்த வாத்துதாண்டி இப்ப என்ன மாட்டிவிட்டிருக்கு" என்று சிரித்தான். வெளியே சிரிப்பில்லை.

"பயோன்லேருந்து மிரேய் போன் பண்ணாளா?"

ரெஜிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிரேய், ஒதிலின் சித்தி மகள். பயோனில் ஆற்றங்கரையில் சின்னதாய் ஒரு சாப்பாட்டுக் கடை திறக்கப்போகிறாள். சமையலறையை ஒதில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆகஸ்டில் போனில் கூப்பிட்டிருந்தாள். அப்போது ஒதில் தோட்டத்தில் இருந்தாள். 'அவளுக்கு இஷ்டமில்லை' என்று இவனே சொல்லி வைத்துவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று நிம்மதியாகவும் இருந்தான், பாவி.

"என்னய்யா, வாயில கொழுக்கட்டையா? பேசலேன்னா தீயணைப்புக்காரங்களக் கூப்பிடுவேன். ஊரே வந்து உன் வயித்தப் பாக்கட்டும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவனுக்கோ வாயை மூடினாலும் கேடு.

"பண்ணா."

"எதுக்கு?"

"நீ வேணும்னா. சமையலுக்கு."

"நீ என்ன சொன்ன?"

"உனக்கு இஷ்டமில்லேன்னு."

"அத உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல." உள்ளே இருட்டு. ஈரம் முதுகில் ஏறியது. ஆலங்கட்டி மழை தோட்டத்தையே நாசமாக்கிய வருஷம்கூட அவன் வாயில் வராத வார்த்தை அப்போது வந்தது. "பயமா இருந்துச்சு ஒதில். நீ போய்ட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"சனிக்கிழம சந்தையில மிரேய் புருஷன் சொன்னான், நான் வரமாட்டேன்னுட்டேனாம். பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். எப்பக் கேட்டாலும் நீ திராட்சக் கொடிக்குள்ள போய்ப் புகுந்துக்குவ. இன்னிக்குத்தான் உனக்கு ஓட வழியில்ல."

அவள் காலடிச் சத்தம் விலகிப் போயிற்று.

"ஒதில்?"

மின்விசிறிதான் பதிலுக்கு உறுமியது.

"ஒதில்! அடியே! தப்புதாண்டி!" கதவில் முகத்தை வைத்துக் கத்தினான். "மீன் வாங்கு! கோழி வையி! கமேகூட வாங்கிக்கலாம்! பெட்டி பெட்டியா வாங்கலாம்!"

கமே வாங்குவதாக ரெஜிஸ் வாயால் வந்ததென்றால், மனுஷன் எவ்வளவு இறங்கிவிட்டான் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் திரும்பி வந்தபோது கையில் ஒரு ஜாடி நிறைய வாத்துக் கொழுப்பு. "சட்டையக் கழட்டு" என்று சொல்லி உள்ளே நீட்டினாள். அவன் வயிற்றைச் சுற்றி வழிய வழியத் தடவினான். அவன் நீட்டிய இரண்டு கையையும் அவள் பிடித்து, காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். தோல் உரிந்தாலும் ஆள் வந்துவிட்டான். தரையில் கிடந்து மூச்சு வாங்கினான்.

"நான் கத்தினது கேட்டுச்சா?"

"அடுக்கள வரைக்கும் கேட்டுச்சு. வாய் ஓயல, அதான் பயப்படல."

"கமே வாங்கறேன்னு சொன்னேனே."

"கேட்டேன்." ஜாடியை மூடினாள். "கொழுப்பு எடுக்க அடுக்களைக்குப் போனப்பவே மிரேய்க்கும் போன் பண்ணிட்டேன். இன்னும் வேற ஆள் போடலயாம். திங்கக்கிழம வரேன்னுட்டேன்."

போகாதே என்று சொல்லத்தான் எழுந்து உட்கார்ந்தான். வந்தது வேறு. "அங்க மீனுக்கு என்ன ஒயின் குடுப்ப?"

"தெரியாது" என்றாள். "போய்க் குடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்து அவன் எத்தனை காலமாயிற்று! சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான்.

இரண்டாவது தொட்டி அடுத்த வாரம் வடிக்க வேண்டும். அதற்கு வெளியே யார் நிற்பது என்று கேட்க வாயெடுத்தபோது, அவள் பெட்டியை இறக்க மாடிக்குப் போய்விட்டிருந்தாள்.