ஒரு லாட் பல்லேடியம்

கார் பட்டறையில் சைலன்சர் மாற்றுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால் அவன் பெயரே சைலன்சர் ஆகிவிட்டது. புகையைச் சுத்தம் செய்யும் பெட்டிக்குள் பல்லேடியம் என்ற உலோகம் இருக்கிறது, அதற்காகத்தான் திருடர்கள் பெட்டியையே அறுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அந்த மாதம் பெட்டியைப் பறிகொடுத்த கார்கள் மட்டும் ஏழு வந்தன. திருடனே இவ்வளவு ஆசைப்பட்டால் விலை ஏறாமல் எங்கே போகும் என்று கணக்குப் போட்டான் புத்திசாலி.

போனில் ஒரு புரோக்கர் கம்பெனி ஆப்பை இறக்கினான். ஸ்கூட்டர் வாங்கச் சேர்த்ததோடு, அக்கா தன் கண் ஆபரேஷனுக்காக அவனிடம் கொடுத்து வைத்திருந்த பணத்தையும் போட்டான். ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் இருந்தது. நாலே நாளில் எடுத்துவிடலாம் என்ற நினைப்பு. எத்தனை லாட் என்று கேட்ட கட்டத்தில் ரொம்ப அடக்கமாக 'ஒன்று' என்று போட்டான்.

பழைய இரும்புக் கடையில் லாட் என்றால் குவியல். மொத்தமாக விலை பேசிக் காசைக் கொடுத்தால் பொருள் நம்முடையது, அதோடு பேச்சு முடிந்தது. இதுவும் அப்படித்தான் என்று நம்பினான். முதல் நாள் விலை ஏறியது. பட்டறைக்கே டீ வாங்கிக் கொடுத்தான். மூன்றாம் நாள் இறங்கியது. கூடுதல் மார்ஜின் கட்டச் சொல்லி ஆப்பில் செய்தி வந்தது. வாங்கின பொருளுக்கு இன்னும் என்ன காசு என்று அதைத் தள்ளிவிட்டான்.

பிறகு ஒரு பெண் கூப்பிட்டாள். "சார், புரோக்கர் ஆபீஸ்லருந்து பேசுறேன். உங்க கணக்குல பணம் பத்தல."

"போன வாரம் லாட்டரி விழுந்திருக்குன்னு ஒருத்தி பேசினா. அவளும் உங்க ஆபீஸா?" என்று கேட்டுவிட்டு வைத்தான்.

இரண்டாம் முறை எடுக்கவே இல்லை. மத்தியானம் வேறு நம்பரிலிருந்து வந்தது.

"சாப்பாட்டு நேரத்துல என் சொந்த போன்லருந்து கூப்பிடுறேன் சார். திட்டுங்க, ஆனா வைக்காதீங்க. உங்ககிட்ட எவ்வளவு பல்லேடியம் இருக்குன்னு நினைக்கிறீங்க?"

"கட்டின காசுக்கு எவ்வளவோ அவ்வளவு. ஒரு லாட்."

"ஒரு லாட்னா நூறு அவுன்ஸ் சார். நீங்க கட்டினது வெறும் மார்ஜின், அதாவது முன்பணம். நூறு அவுன்ஸ் விலையில பத்துல ஒரு பங்கு. விலை அந்த அளவு இறங்கினாலே உங்க பணம் மொத்தமும் போயிடும். அதுக்கும் கீழ போச்சுன்னா நீங்கதான் எங்களுக்குத் தரணும்."

காருக்கு அடியில் படுத்திருந்தவன் ஸ்பேனரைப் போட்டுவிட்டு வெளியே ஊர்ந்து வந்தான். போகப்போவது அக்காவின் கண்.

"இப்பவே வித்துத் தொலைக்கிறேன்!"

"என்ன விலைக்கும் சரின்னு அமுக்கிடாதீங்க. இதை வாங்க ஆள் கம்மி, அடிமாட்டு விலைக்குத்தான் கேப்பாங்க. உங்க விலையைப் போட்டுட்டு இருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

முதலில் போட்ட விலைக்கு ஒருவரும் வரவில்லை. கொஞ்சம் இறக்கச் சொன்னாள். இறக்கினான். பதினோரு நிமிடம் கழித்து விற்றது. அந்தப் பெண் அன்று சாப்பிட்டிருக்கவே மாட்டாள்.

ஸ்கூட்டர் பணம் சுத்தமாகப் போயிற்று. அக்காவின் பணம் மட்டும் ஒரு காசு குறையாமல் நின்றது. சாயங்காலத்துக்குள் விலை மேலும் சரிந்திருந்தது. அதைப் பார்த்ததும் முகம் தெரியாத அந்தப் பெண்ணை அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த காலையில் அக்கா முதலில் பார்த்தது அவனைத்தான்.

"என்னடா இப்படி இளைச்சுப் போயிட்ட?"

அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அக்கா வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "அந்தப் பொண்ணுக்குப் போன் போடு."

போட்டுக் கொடுத்தான்.

"நான் சைலன்சரோட அக்கா பேசுறேம்மா. இவன் மூஞ்சியில இருக்கிற மரு வரைக்கும் தெளிவாத் தெரியுது. நீ நல்லா இருக்கணும்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இந்த வேலைக்கு வந்து ஆறு வருஷமாச்சு அக்கா. எல்லாரும் திட்டத்தான் கூப்பிடுவாங்க" என்றாள்.

"ஐயோ, அழாதம்மா" என்றாள் அக்கா. "ஒரு வாரத்துக்கு நானும் அழக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."