காயத்துக்குக் காசு வாங்காத வைத்தியர்

மூன்றாவது தடயத்தையும் தம்பி ஒதுக்கித் தள்ளினான்.

"விடியக்காலை கிணத்துப் பக்கம் நின்னாரா? தண்ணி நல்லா இருக்கான்னு பாத்திருப்பார். வைத்தியர்னா அப்படித்தான்."

எங்கள் ஆட்டம் எளியது. மேசையைச் சுற்றி மூன்று பேர், கதைக்குள் ஆளுக்கொரு வேடம். என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். கைகூடுமா என்பதைப் பகடை சொல்லும். மற்றதெல்லாம் நான்: ஊர், மழை, காவலர், கழுதை, வில்லன். வில்லன் யார் என்பதை மட்டும் நான் சொல்லக் கூடாது.

வில்லன் அந்த வைத்தியர்தான். கிணற்றில் நஞ்சைக் கலப்பார், பிறகு மருந்தும் கொடுப்பார். ஊர் அவர் கையை எதிர்பார்த்தே கிடக்க வேண்டும். அவருக்கு நான் கொடுத்த குரல் நன்றாக அமைந்துவிட்டது, அதுதான் வினை. யார் காயத்தோடு போனாலும் காசு வாங்காமல் கட்டுப் போட்டார். தம்பியின் வீரன் சாகக் கிடந்தபோது பிழைக்க வைத்தார். அன்றிலிருந்து மூவரும் எந்தத் திட்டத்தையும் முதலில் அவரிடம் ஒப்பித்தார்கள். பயிரை மேயும் வேலியிடமே போய்க் காவல் கேட்டார்கள்.

செத்தவர்கள் உடம்பிலெல்லாம் அவருடைய இரட்டை முடிச்சுக் கட்டு இருந்தது. "கடைசி வரைக்கும் போராடியிருக்கார், பாவம்" என்றான் தம்பி. அவர் தோட்டத்தில் நச்சுச் செடி வளர்ந்தது. "மருந்துக்கு" என்றான்.

தம்பியின் கூட்டாளி, லிஃப்ட் மெக்கானிக், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். எங்கள் மேசையில் அவன் பெயர் அவசரம்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. வில்லன் வருவான் வருவான்னு மாசக்கணக்கா உக்காந்திருக்கோம். நாலு மணிக்கு நான் கிளம்பறேன். அடுத்த வாரத்துல இருந்து என்னைக் கணக்குல சேக்காதீங்க."

இரண்டு பேரை வைத்து இந்த ஆட்டம் ஓடாது. ஆட்டம் இல்லையென்றால் தம்பியை நான் நல்லது கெட்டதில்தான் பார்ப்பேன்.

நான் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவள். எழுத்து தெரியவில்லை என்பவருக்கு எழுத்தைச் சொல்லித் தருவதில்லை. லென்ஸை மாற்றுவேன்.

தடயங்களில் குறையில்லை. செத்தவர்கள்தான் இவர்களுக்கு யாரோ. அந்த ஊரில் இவர்களுடையது என்று ஒன்றுதான் இருந்தது: சாமான் சுமக்கும் கழுதை. அவசரம் தன் மேலதிகாரியை மனதில் வைத்து அதற்கு மானேஜர் என்று பெயரிட்டிருந்தான்.

"சத்திரத்துக்குத் திரும்பறீங்க" என்றேன். "கொட்டகையில மானேஜர் படுத்திருக்கு. வாயில நுரை. முன்னங்கால்ல ஒரு கட்டு. இரட்டை முடிச்சு."

அவசரம் நிமிர்ந்தான். "மானேஜருக்கு என்ன?"

"வைத்தியர் வந்து பாத்திருக்காருடா" என்றான் தம்பி. "நல்ல மனுஷன்."

நான் பகடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி மனைவி ஆட்டத்துக்குப் புதிது. அதிகம் பேச மாட்டாள். அவள்தான் கேட்டாள்.

"அவரை யாரு கூப்பிட்டது?"

தம்பி அவசரத்தைப் பார்த்தான். "நீயா?"

"நான் எங்க? உன்கூடத்தானே சுத்திட்டு வந்தேன்."

"கட்டை அவிழ்க்கறேன்" என்றாள் அவள்.

"காயம் இல்ல. ஒரு கீறல்கூட இல்ல. கறுப்பா ஒரு விழுது அப்பியிருக்கு. மானேஜர் அதை நக்கியிருக்கு."

"காயம் இல்லாத காலுக்குக் கட்டு எதுக்குக்கா?"

 என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"கிணத்துத் தண்ணியை நாளைக்கு மானேஜர் மேல ஏத்தி, அடுத்த ஊர்ல காட்டப்போறோம்னு யார்கிட்ட சொன்னோம்?"

"வைத்தியர்கிட்ட" என்றான் தம்பி. "அதனால? என்னைப் பொழைக்க வச்சவர் அவர்."

"பின்ன?" என்றான் அவசரம். "தினமும் ஓசியில செய்தி வாசிக்கற உன்னை மாதிரி ரேடியோவை எவனாவது உடைப்பானா? நான் போய் அந்தாளு கதவை உடைக்கறேன்."

"உக்காருங்கண்ணா. மருந்துதானே போட்டேன்னு சொல்லிட்டுப் போயிடுவார். ஒரு பொய் சொல்லிப் பாப்போம்."

அவள் வைத்தியர் வீட்டுக்குப் போனாள். விடியற்காலையில் தண்ணீரைத் தோளில் சுமந்து ஆற்றுப் பாதையில் போகிறோம் என்றாள். அவர் நம்பினாரா என்பதற்குப் பகடை உருட்ட வேண்டும். அவள் தோற்றால் வைத்தியர் உஷாராகிவிடுவார், நாலு மணிக்கு நாற்காலியும் காலியாகிவிடும். விழுந்த எண்ணை நான் மாற்றிச் சொல்பவள் அல்ல.

எண் போதுமானதாக விழுந்தது.

"ஆத்துப் பாதையா?" என்றேன், வைத்தியரின் குரலில். "நல்லதும்மா. வழுக்கும், பாத்துப் போங்க."

தம்பி முகம் தெளிந்தது. "பாத்தியா? என்ன அக்கறை."

விடிந்தது. மூவரும் ஆற்றுப் பாதையில் இறங்கவில்லை. மேட்டில் படுத்துக்கொண்டு கீழே பார்த்தார்கள்.

"பாதை ஓரத்துல, புதருக்குப் பின்னால, கொஞ்சம் பேர் உக்காந்திருக்காங்க" என்றேன். "கையில கத்தி. நீங்க வர்ற திசையைப் பாத்துட்டு இருக்காங்க."

தம்பி மேசையைப் பார்த்தபடி இருந்தான்.

"அவன்கிட்ட மட்டும்தான் சொன்னோம்" என்றான்.

பிறகு என்னை யாரும் கேட்கவில்லை. செத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போக வேண்டும் என்றாள் தம்பி மனைவி. கட்டு முதலில் வந்ததா, நோய் முதலில் வந்ததா, அதைக் கேட்க வேண்டும். கிணற்றுக்கு நான் காவல் என்றான் அவசரம். தோட்டத்துக்குள் வைத்தியனே என்னைக் கூட்டிப்போவான், என்மேல் சந்தேகம் வராது என்றான் தம்பி. ஒருவர் பேசி முடிக்கும் முன் அடுத்தவர் தொடங்கினார். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அவசரத்தின் போன் அடித்தது. நாலே கால்.

"வர லேட்டாகும்" என்றான். "இல்லம்மா, வேலை இல்ல. வண்டிக்கும் ஒண்ணும் இல்ல. கழுதைக்கு உடம்பு சரியில்ல."

போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தான்.

"பொழைச்சுக்குமாக்கா?"

"பகடையை எடு" என்றேன்.