பொத்தான், பொத்தான், பொத்தான்

குழுவில் எல்லோருக்கும் அவள் அக்கா. எல்லோரும் தாடி என்று அழைக்கிற, வயதில் மூத்தவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

பகலெல்லாம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருவாள். துணி மடித்து, பாத்திரம் ஒதுக்கி, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தால் இரண்டாவது வேலை. கடிதமோ கதையோ கட்டுரையோ எழுத உதவும் மென்பொருள் அது. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம். தெரிந்தால் திருத்தவும் செய்யலாம். பயன்படுத்துகிறவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். திருத்துகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான், அதுவும் சம்பளமில்லாமல். திரையின் தோற்றம் தாடியின் பொறுப்பு. திரையில் இருப்பதைப் பார்வையில்லாதவர்களுக்குக் குரலாகச் சொல்லும் பகுதி அக்காவின் தலையில் விழுந்து பல வருடமாகிறது. அதற்கு வேறு நாதியில்லை.

அன்று சாயங்காலம் புகார்ப் பக்கத்தைத் திறந்தபோது ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

"உங்க புதுப் பதிப்பைப் போட்டேன். சேமிக்கிற எடத்துக்குப் போனாலும் பொத்தான்னுதான் சொல்லுது, அழிக்கிற எடத்துக்குப் போனாலும் பொத்தான்னுதான் சொல்லுது. பொத்தான், பொத்தான், பொத்தான். குருட்டாம்போக்குல அமுக்கச் சொல்றீங்களா? அமுக்கினேன். எழுதிட்டிருந்த கதை போயிடுச்சு."

அக்காவுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. தோள்பட்டைதான் வலித்தது. புதுப் பொத்தான்கள் பார்க்க லட்சணமாக இருந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு பெயர் எழுதி வைத்தால்தான் குரலுக்கு வாசிக்க ஏதாவது இருக்கும். படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தாடி "ஆகட்டும் அக்கா" என்றதோடு சரி.

"அந்த வேலையைத்தான் விட்டுத் தொலையேன்" என்றார் வீட்டுக்காரர். பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"யார்கிட்ட சொல்லி விடறது? ராஜினாமா வாங்கவே அங்க ஆள் இல்ல."

தாடிக்குப் போன் போட்டாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் போட்டாள். எடுத்ததும் பின்னால் ஏதோ இயந்திரம் விட்டுவிட்டுக் கூவியது. ஒரு பெண் யாரையோ எடை பார்க்கக் கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரில அக்கா. என் வீட்டுக்காரிக்கு டயாலிசிஸ். கொஞ்ச மாசமா இங்கயேதான் குடித்தனம். அந்தப் புதுத் திரையெல்லாம் இந்த பெஞ்சுல உக்காந்து செஞ்சதுதான்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா என் வேலையையும் நீங்களே இழுத்துப் போட்டுக்குவீங்க."

கேட்க நினைத்ததையெல்லாம் அக்கா விழுங்கிக்கொண்டாள். ஆபரேட்டரின் புகாரை மட்டும் வாசித்துக் காட்டினாள்.

"புதுப் பதிப்பைத் திரும்ப எடுத்துடலாமா?" என்றாள்.

"எல்லாரும் அழகா இருக்குன்னாங்க அக்கா. இத்தனை வருஷத்துல முதல் தடவையா பாராட்டு வந்துது."

"தெரியும்."

"சரி, எடுத்துடுங்க. மன்னிப்பை நானே எழுதறேன்."

எடுத்தார்கள். மறுநாளே வேறொரு கூட்டம் வந்து திட்டியது. முன்னேற்றம் பிடிக்காத கிழங்கட்டைகளாம். அக்கா டீயை ஆறவிட்டபடி அத்தனையையும் படித்தாள். பதில் எழுதத் தெம்பில்லை.

பிறகு பெயர் வைக்கும் படலம். தாடி பெஞ்சிலிருந்து கொஞ்சம், அக்கா மேசையிலிருந்து கொஞ்சம். சரியாகக் கேட்கிறதா என்று சோதிக்க ஆள் வேண்டுமே? தயங்கித் தயங்கி ஆபரேட்டரையே அழைத்தாள். அவர் முதலில் விறைப்பாகத்தான் பேசினார்.

"இப்ப என்ன சொல்லுது சார்?"

"கோப்பைச் சேமி, பொத்தான். இது சரி. அடுத்தது... படம் சேர்க்கும் பொத்தான், பொத்தான். ரெண்டு தடவை சொல்லுதே! எனக்குக் கண்ணுதான் இல்ல, காது நல்லாவே கேக்கும்னு சொல்லுங்க அதுகிட்ட."

அக்கா சிரித்துவிட்டாள். அவள் வைத்த பெயரிலேயே 'பொத்தான்' இருந்தது. குரல் தன் பங்குக்கு இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டது. அப்படி வைத்த பெயர்களையெல்லாம் தேடிப்பிடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

"அந்தக் கதை திரும்பக் கிடைச்சுதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இல்லம்மா. மறுபடி எழுதறேன். முன்ன வந்த மாதிரி வரல."

அடுத்த பொத்தானுக்குப் போனார்கள்.

திருத்திய பதிப்பு வெளியானது. யாரும் பாராட்டவில்லை, யாரும் வையவுமில்லை. அதுவே போதும் என்றிருந்தது. ஒரு மாதம் லேப்டாப்பைத் தொடப்போவதில்லை என்று அக்கா குழுவுக்கு எழுதினாள். புகார்களை யார் பார்ப்பது என்று தாடி கேட்டார். சோதனைக்காகக் குழுவில் சேர்த்திருந்த ஆபரேட்டரிடமிருந்து குரல் பதிவு வந்தது.

"நான் பாக்கறேன். திட்டு வாங்கறது என் தொழில்தானே? கொஞ்சம் லைன்ல இருங்கன்னு சொல்லிப் பழக்கம். திருத்தத்தான் எனக்குத் தெரியாது."

"அது நாங்க பாத்துக்கறோம்" என்று தாடி எழுதினார். இரண்டு நாளில் அவரே அக்காவுக்குத் தனியாக இன்னொரு செய்தியும் அனுப்பினார். அச்சடிக்கக் கொடுக்கும்போது திரையில் திறக்கும் ஜன்னலின் பொத்தான்களுக்குப் பெயர் வைக்க மறந்தேவிட்டார்களாம்.

அக்கா அதைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி படித்தாள். விரல் பழக்கத்தில் "நானே செஞ்சுடறேன்" என்று எழுதிவிட்டது. அதை அழித்தாள். "அடுத்த மாசம்" என்று மட்டும் அனுப்பினாள். வீட்டுக்கு வந்ததும் வேலைக்குப் போன உடையோடேயே கட்டிலில் விழுந்தாள். வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட்டபோது அவளுக்குக் காதில் விழவில்லை.