அரசி இல்லாத கோட்டை

மூன்று பக்கமும் மலை சூழ்ந்து, நான்காம் பக்கம் அடியறியாப் பள்ளத்தாக்காய்ச் சரிந்து கிடக்க, நடுவில் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கும் அந்தச் சிற்றூரில், கதிரவன் முகட்டைத் தாண்டி வந்து சேர்வதற்குள் முற்பகலே கழிந்துவிடும். அதுவரை தகரக் கூரைகளினின்று பனி சொட்ட, தேநீர்க் கடைகளின் அடுப்புப் புகை மேலெழ மாட்டாமல் தெருவிலேயே தவழ, முதற்பேருந்தில் வந்திறங்கிய வெளியூரார் கைகளைத் தேய்த்துக்கொண்டு அருவி எந்தப் பக்கம், கோட்டை எந்தப் பக்கம் என்று வினவித் திரிய, அவர்களைத் தம்பால் இழுக்கும் பொருட்டு வழிகாட்டிகள் நிலையத்து வாயிலில் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு கூவுவார்கள். மலையூர் என்றாலே அமைதி தவழும் இடம் என்று எண்ணியிருக்கும் பெருமக்களே, ஒருநாள் அந்த வாயிலில் வந்து நின்று பாருங்கள், காது கிழிந்துவிடும்!

அவ்வாறு கூவுவோரில் முதல்வனாய் இருபது ஆண்டு விளங்கியவனை ஊரார் வாய்க்காரன் என்று அழைத்தனர். மூன்று திங்களாக அவன் வாய் திறக்கவில்லை. மழைக்கால முடிவில், பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தியை அவன் கோட்டைக்கு அழைத்துச் சென்றான். அவள் திரும்பி வரவில்லை. பாறை வழுக்கிற்று என்று அவன் காவலரிடம் சொன்னான். அவர்களும் அவ்வாறே எழுதிக்கொண்டார்கள். சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மறுபாதி அவன் தொண்டையில் முள்ளாய்ச் சிக்கிக்கொண்டு, உண்ணவும் விடாமல் உறங்கவும் விடாமல் அவனை அறுத்துக்கொண்டிருந்தது.

அந்தக் காலையில் பேருந்திலிருந்து இறங்கிய பெண்மணி ஒருத்தி, கூவியவர் எவரையும் பொருட்படுத்தாமல், சுவரோரம் ஒதுங்கி நின்ற அவனிடம் நேரே வந்தாள். தையல் வேலை செய்பவள் என்பதை ஊசி குத்திக் குத்திக் காய்ப்பேறிய விரல்களும், மார்பில் செருகி எடுக்க மறந்த குண்டூசியும் உரைத்தன.

"நீங்கதானே எம்பொண்ணக் கூட்டிட்டுப் போனவரு?"

அவன் ஆம் என்று தலையை மட்டும் அசைத்தான்.

"அவள எந்த வழியா கூட்டிட்டுப் போனீங்களோ, அதே வழியா என்னையும் கூட்டிட்டுப் போங்க. அவகிட்ட என்னென்ன சொன்னீங்களோ அதையெல்லாம் எனக்கும் சொல்லுங்க. ஒண்ணு விடாம."

முதலில் அருவிக்குச் சென்றார்கள். மழை ஓய்ந்துவிட்டதால், அண்ணாந்து நோக்குவோர் கழுத்து வலிக்கும் அவ்வுயரத்திலிருந்து நீர் இப்போது நூலாய் இறங்கிக்கொண்டிருந்தது. "இங்க என்ன பண்ணா?" என்று தாய் கேட்டாள். "செருப்பக் கையில எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குள்ள நின்னாம்மா. ஜில்லுன்னு இருக்குன்னு கத்துனா," என்றான். தாய் தன் செருப்பைக் கழற்றிவிட்டு, கணுக்கால் மறையும் நீரில் இறங்கி, கால் விறைக்கும் வரை நின்றாள். அடுத்து, பாறையைக் குடைந்து முன்னோர் ஆக்கிய சுனைக்குச் சென்றார்கள். அங்கே தன் மகள் வானத்தின் நிழலைக் கண்டு படம் பிடித்தாள் என்று கேட்டு, அவளும் குனிந்து நோக்கினாள்; நோக்கியவள் தன் முகத்தைக் கண்டதும் சட்டென்று விலகிக்கொண்டாள். அவன் பின்னால் நின்று, இந்தப் பாதையில் எத்தனை ஆயிரம்பேரைச் சிரிக்க வைத்து அழைத்துச் சென்றிருப்போம் என்று எண்ணி நெஞ்சு வெந்தான்.

கோட்டை வாயிலில், உதிர்ந்த மதிலின் நிழலில் அமர்ந்துதான் அவள் தான் வந்த காரணத்தை உடைத்தாள்.

"கூட வந்த தோழி கால்வலின்னு இங்கயே உக்காந்துட்டாளாம். அவதான் சொன்னா. அந்தப் பாறையில நின்னு, நமக்கு ரொம்பப் பிடிச்சவங்களக் கூப்பிடணுமாம். அரசி பதில் சொல்லுவாளாமே. எம்பொண்ணு யாரக் கூப்பிட்டான்னு உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்." சிறிது நேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள். "கிளம்புறன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் சண்டை. வேண்டாம்னு சொன்னேன், கேக்கல. எங்கயாவது போய்த் தொலைன்னுட்டேன். அதுதான் நான் அவகிட்டக் கடைசியா பேசுனது. அவ அம்மான்னு கூப்பிட்டாளா? அது மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும்யா. வேற ஒண்ணும் வேண்டாம்."

இங்கே, படிப்போரே, அந்த அரசியைப் பற்றி ஒரு சொல் கூறியாக வேண்டும். அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை. அக்கோட்டை எந்நாளும் அரண்மனையாய் இருந்ததில்லை. கீழ்நாட்டிலிருந்து கழுதைகள் சுமந்து வந்த தானியத்தையும் உப்பையும் அடைத்துவைத்து, நாற்பது காவலர் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்த வெறுங்கிடங்கு அது. பதினோராண்டுக்கு முன், அதைக் கண்டு முகஞ்சுளித்துத் திரும்பிப் போகப் பார்த்த ஒரு கூட்டத்தை நிறுத்திவைக்க வேண்டி, வாய்க்காரன் அந்நொடியிலேயே ஓர் அரசியைப் பெற்றெடுத்தான்: போரிலிருந்து திரும்பாத கணவனை அழைத்து அழைத்துப் பாறையினின்று குதித்தவளாம், அன்பானவர் பெயரைக் கூவினால் இன்றும் மறுமொழி தருபவளாம். எதிர்மலை எவர் கூவினாலும் திருப்பிக் கூவும் என்பதை அவன் சொல்வானா என்ன? கதை பற்றிக்கொண்டது. தேநீர்க் கடைக்கு அரசி பெயர், தங்கும் விடுதிக்கு அரசி பெயர், பிறந்த குழந்தைகள் இரண்டுக்குக்கூட அரசி பெயர்! மற்ற வழிகாட்டிகளும் அதையே சொல்லிப் பிழைத்தார்கள். பாறையின் குறுக்கே ஊர்மன்றம் கட்டிய இருப்புச் சங்கிலியைக்கூட அவர்கள் விளையாட்டாக்கிக்கொண்டார்கள். அரசியின் வாயிற்காவலர்போல் ஒரு கையால் அதைத் தூக்கி, இடுப்பை வளைத்து, விருந்தினரை நுனிக்கு அனுப்புவது அவர்களிடையே வழக்கமாய்விட்டது.

பாறையை அடைந்தபோது காற்று ஓலமிட்டுக்கொண்டிருந்தது. சங்கிலிக்கு இப்பால் நின்று தாய் அவன் முகத்தையே பார்த்தாள். ஒரே ஒரு சொல்! "அம்மான்னுதான் கூப்பிட்டா" என்று சொல்லிவிட்டால், அவளும் ஆறுதலடைவாள், அவனும் தப்பிப்பான். இல்லாத அரசியையே பெற்றெடுத்த நாவுக்கு அவ்வொரு சொல் பெரிதா? நாவின் நுனிவரை அது வந்தும்விட்டது. ஆனால் இதுவும் அந்தப் பழைய கயிற்றின் இன்னொரு முறுக்குத்தான் என்று அவனுக்குத் தோன்றியது. இதையும் திரித்துவிட்டால் தான் மனிதனாயிருக்க முடியாது என்றும் தோன்றியது. அப்படியே முழந்தாளிட்டு விழுந்துவிட்டான்.

"அம்மா, அவ யாரையும் கூப்பிடல. வாயத் திறந்தா, அதுக்குள்ள கால் நழுவிருச்சு. நான்தான் சங்கிலியத் தூக்குனேன். இன்னும் ரெண்டடி முன்னால போம்மா, அரசி குரல் தெளிவா கேக்கும்னு நான்தான் சொன்னேன். அரசியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. எல்லாம் நான் கட்டிவிட்ட கதை. போலீஸ்ல இத மறைச்சுட்டேன். என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க."

அவள் அடிக்கவில்லை; அழவுமில்லை. காது கேளாதவள்போல் நின்றாள். தன் வாழ்நாளில் முதன்முறையாக முழு உண்மையைப் பேசியவன், அதன் எடை இறங்கிய களைப்பில், தலைநிமிராமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

அவ்வேளையில் பேச்சும் சிரிப்புமாய் ஒரு கூட்டம் மதிலைச் சுற்றி வந்தது. முன்னால் வந்தவன் வாய்க்காரனின் மனைவிக்குத் தம்பி. தொழிலையும் கதையையும் இவனிடமே கற்றவன். கூட்டத்தைப் பார்த்தபடி பின்னடி வைத்து நடந்ததால் இருவரையும் காணாமல், குரலைத் தாழ்த்தி, பழக்கப்பட்ட இடத்தில் நிறுத்தி, அவன் சொல்லிக்கொண்டு வந்தான்:

"மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு இதே எடத்துல நின்னா. அம்மான்னு ஒரே ஒரு தடவ கூப்பிட்டா. அடுத்த நொடி, வா மகளேன்னு அந்தப் பக்கத்துல இருந்து குரல். பெத்த தாய் கூப்பிட்ட மாதிரி அப்படியே நடந்து போயிட்டா. இப்ப அரசி தனியா இல்லீங்க."

"டேய்! நிறுத்துடா!" என்று வாய்க்காரன் பாய்ந்தெழுந்தான். "பொய்! எல்லாமே பொய்!"

கூட்டம் சிரித்தது, இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று எண்ணிச் சிலர் கைதட்டினார்கள். மைத்துனன் முகம் வெளிறி, "மாமா, நீங்களா?" என்று குழறினான். தாயோ அவர்களைத் தள்ளிக்கொண்டு ஓடி, மைத்துனனுடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள்.

"அம்மான்னு கூப்பிட்டாளா? நெசமாவா தம்பி? நல்லாக் கேட்டுச்சா?"

அவள் யாரென்று அறியாதவன், அழுகின்ற பெண்ணை அமைதிப்படுத்தும் பொருட்டு, "ஆமாங்க, ஊரே கேட்டுச்சு," என்றான்.

"நம்பாதீங்கம்மா! அவன் அன்னைக்கு இங்க இல்லவே இல்ல!" என்று வாய்க்காரன் கதறினான். "நான் சொன்னதுதான் உண்மை!"

அவள் திரும்பினாள். மூன்று திங்களாக வற்றிக்கிடந்த கண்கள் இப்போது ஓயாமல் பொழிந்தன.

"உன்ன எப்படி நம்புறது? நீ பொய்யன்னு இப்பத்தான் உன் வாயாலயே சொன்ன."

அவள் சங்கிலியருகே சென்று "பாப்பா!" என்று கூவ, எதிர்மலை அதை மும்முறை திருப்பித் தர, கேட்டவர் அனைவரும் மெய்சிலிர்த்துக் கண் துடைத்தார்கள். பின்பு ஒவ்வொருவராய் நுனிக்குச் செல்ல அவாவி முன்னே நெருங்கினார்கள். வாய்க்காரன் சங்கிலியைத் தன் கையோடு சுற்றிக்கொண்டு, தோல் கிழியத் தொங்கினான். கிறுக்கன் என்று ஏசி, இருவர் அவனை இழுத்தும் பார்த்தார்கள், அவன் விடவில்லை. அன்று எவரும் அப்பால் செல்லவில்லை.

தாய் மட்டும் நெஞ்சு நிறைந்தவளாய்க் கீழிறங்கிப் போனாள். அவனை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளும் முதற்பேருந்து வரும், மைத்துனனோ வேறொருவனோ அக்கதையைச் சொல்வான், அவள் மகள் அதில் இனி என்றும் இருப்பாள். பொய்யை ஊருக்குக் கொடுத்தவன் அதைத் திருப்பிக் கேட்டபோது, ஊர் மட்டுமன்று, அதனால் பிள்ளையை இழந்தவளே தர மறுத்துவிட்டாள். பெருமக்களே, உண்மை பேசினால் விடுதலை கிட்டும் என்று எண்ணியிருந்த அம்மனிதன், அன்று மாலை இருள் கவியும் வரை, கேட்பாரற்றுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.