இரட்டை வால் நாயும் நூலகத்தின் கோடைச் சேவைகளும்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது ஒரு பனியன் சட்டை. இதை இன்னும் கௌரவமாகச் சொல்ல முயன்று தோற்றுவிட்டேன்.

மே மாத முதல் வாரம். பூஜை முடித்து நெற்றியில் திருநீறு காய்வதற்குள் தொலைபேசி அடித்தது. மங்கலம் சாலையில் உள்ள ஒரு சிற்றூரின் கிளை நூலகர் அனுப்பிரியா பேசினார்.

"சார், முப்பத்தொண்ணாந் தேதி நீங்க வந்தே ஆகோணுங்க. சட்டைல போட்டிருக்குதுங்க."

"என்ன போட்டிருக்குது?"

"கடைசி நாள் ஒரு எழுத்தாளரைப் பாக்கலாம்னு போட்டிருக்குதுங்க. புள்ளைங்க நாளெண்ணீட்டு இருக்குதுங்க."

மனம் குளிர்ந்தது. அடக்கமாக, "என்னைவிடப் பெரியவங்க யாரையாவது..." என்று இழுத்தேன்.

"பஸ்ல வந்துட்டுப் போற தூரத்துல வேற யாருமில்லீங்க சார்."

குளிர்ந்தது போதும் என்று மனத்துக்குச் சொல்லிக்கொண்டேன்.

வெறுங்கையோடு போக முடியாது. குழந்தைகளுக்கு வாசிக்க ஒரு கதை வேண்டும். அந்தக் கதைதான் இது. குழந்தைகளுக்கென்று தொடங்கியது எப்படி இப்படி ஆனது என்பதையும் இதற்குள்ளேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்த ஒரு மே மாத—" (திருப்பூர்ப் பக்கம் மே மாதத்தில் வெயில் அடிப்பது செய்தியல்ல. விட்டுவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "நூலகம் என்பது அறிவின்—" (இந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்ட புண்ணியம் என் பிள்ளைகளைச் சேரட்டும்.)

மூன்றாம் தொடக்கம்: "ஆத்தப்பன் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குள் வந்தார்."

இது நிற்கிறது. ஆத்தப்பன் பக்கத்தில் ஒரு சிறிய பனியன் கம்பெனி நடத்துபவர். பெட்டிக்குள் குழந்தைகள் அளவில் நாற்பது சட்டைகள். ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரின் நூலகம், தன் கோடை விடுமுறைக்காகச் சொல்லிச் செய்த ஆர்டரில் வேண்டாமென்று திருப்பி அனுப்பப்பட்டவை. முன்பக்கம் ஒரு நாய் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகம் படித்தது. அதற்கு இரண்டு வால்.

"வாலுக்கு மட்டும் பழுப்புக் கலருங்க அம்மிணி. பிரிண்டிங்ல ஒருக்கா அடிச்சுப்போட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொருக்கா அடிச்சுட்டானுங்க. பார்ட்டி வேண்டாம்னுட்டான். வெச்சிருந்தா எலிதான் கடிக்கும். புள்ளைங்களுக்குக் குடுத்துருங்க."

கொடுத்தார். முதுகுப்பக்கம் ஆங்கிலத்தில் வரிவரியாக ஏதோ அச்சாகியிருந்தது. பிள்ளைகள் ஒருவர் முதுகை ஒருவர் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள்.

இந்த இடத்தில் அனுப்பிரியாவை ஒரு சின்னப் பொய் சொல்ல வைத்துப் பார்த்தேன். "அமைதி காக்கவும், புத்தகத்தைக் கிழிக்காதீர்னு போட்டிருக்குது கண்ணு." நன்றாகவே வந்தது. ஆனால் பொய் சொன்ன அனுப்பிரியாவின் முகம் எனக்குத் தெரியவில்லை. முகம் தெரியாத ஆளை வைத்துக் கதை எழுத முடியாது. ஆகவே உள்ளதைச் சொன்னார்: புதன்தோறும் கதை நேரம். நாய்க்குப் புத்தகம் வாசித்துக் காட்டலாம். கடைசி நாளில் பெற்றோருடன் வந்து ஓர் எழுத்தாளரைச் சந்திக்கலாம்.

"நம்ம லைப்ரரிலயா அக்கா?"

"இல்ல கண்ணு. அது வெளிநாட்டுல."

"அப்பறம் எதுக்கு நாங்க போட்டிருக்கறோம்?"

முதுகில் போட்டிருப்பதையெல்லாம் இங்கேயே நடத்திவிடுவது என்று அனுப்பிரியா அப்போதே முடிவு செய்தார்.

3

கதை சொல்ல ஆள் வேண்டும். காலை முதல் மதியம் வரை செய்தித்தாள் படிக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் வேலுமணி, "இது லைப்ரரியா, சந்தையா?" என்று கத்தினார். அவ்வளவு நல்ல குரல் வீணாகக் கூடாது என்று அவரையே புதன்கிழமைக்குப் பிடித்துப்போட்டார் அனுப்பிரியா. இரண்டாம் புதன் அவர் கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

நாய், டீக்கடை நாய்.* பிள்ளைகள் பனியன் வெட்டுத்துண்டு ஒன்றைக் கட்டி அதற்கும் இரண்டாவது வால் வைத்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே படுத்து, மூன்று புத்தகங்களைக் கேட்டுத் தூங்கியது.

"இதுக்கு மெம்பர் கார்டு போட்டாச்சா அம்மிணி?" என்றார் வேலுமணி.

"நீங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டா போட்டுரலாமுங்க."

(* நாயை உள்ளே விடலாமா என்று கேட்பவர்களுக்கு: அந்த அறையின் அறிவிப்புப் பலகையில் குடை, டிபன் பாக்ஸ், வெற்றிலை பாக்கு ஆகியவற்றுக்குத்தான் தடை. அனுப்பிரியா இரண்டு தடவை படித்துப் பார்த்தாராம்.)

கதை இங்கேயே சுகமாக முடிந்திருக்கும். தொலைபேசியில் நான் ஒரு வேண்டாத கேள்வி கேட்டேன். "வால் ரெண்டா இருந்ததைக் கம்பெனில ஒருத்தருமா பாக்கலை?"

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. மேசைக்குப் பக்கத்திலிருந்து ஒரு சிறுமியின் குரல் கேட்டது. "எங்கம்மதான் பாத்தாவ. எங்கம்மதான் பாஸ் போட்டாவ."

அவள் பெயர் ஜோதிகா. ஆறாம் வகுப்புக்குப் போகிறவள்.

4

இனி இந்தக் கதை அவள் அம்மா சின்னத்தாயுடையது. (இதை நான் திட்டமிடவில்லை. அனுப்பிரியாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.)

சங்கரன்கோவில் பக்கமிருந்து கணவர் ராக்கையாவுடன் பிழைக்க வந்தவர் சின்னத்தாய். எட்டு வருடமாக ஆத்தப்பன் கம்பெனியில் செக்கிங் மேசை. ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைப்பார்; குறையில்லாததற்குப் பாஸ் போடுவார்.

சட்டையில் அந்த நாயைப் பார்த்ததும் அவர் கை நின்றது. ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிச் சட்டை மேசைக்கு வரவில்லை. போன மாதம் கழுத்தில் நூல் பிரிந்து தொங்கிய சட்டைகளைத் தள்ளி வைத்தபோது, "அது டிசைன்ம்மா, உனக்கு என்ன தெரியும்?" என்று சூப்பர்வைசர் திட்டியிருந்தார். அதற்கு முன்பு உள்பக்கம் வெளியே வரும்படி தைத்த சட்டைகள். அவையும் டிசைன். சின்னத்தாய் இரண்டு வாலையும் தடவிப் பார்த்தார். வெளிநாட்டு நாய். டிசைனாகத்தான் இருக்கும்.

பாஸ் போட்டார்.

சரக்கு திரும்பியதும் தையல் தளம் முழுக்கக் கேட்கும்படி சூப்பர்வைசர் சொன்னார்: "நாய்க்கு எத்தனை வாலுன்னு தெரியாத ஆளுக்கு எதுக்குச் செக்கிங்?" எல்லோரும் சிரித்தார்கள். தினமும் சேர்ந்து சாப்பிடும் பெண்களும் சிரித்தார்கள். அதுதான் அவரால் தாங்க முடியாதது. வேலையை விட்டு யாரும் நிறுத்தவில்லை. மறுநாள் அவர் போகவில்லை. அதற்கு மறுநாளும்.

அப்புறம்தான் ஜோதிகா அந்தச் சட்டையோடு வீட்டுக்கு வந்தாள். ஜன்னலைத் திறந்தால் தெரு நெடுக அதே நாய். சின்னத்தாயின் தவறு சைக்கிள் ஓட்டியது, ஐஸ் வாங்கித் தின்றது, பம்பரம் விட்டது. அவர் ஜன்னலைச் சாத்திவிட்டார்.

"எம்மா, முப்பத்தொண்ணுக்கு அம்மா அப்பாவக் கூட்டிட்டு வரணுமாம். வருவியா?"

"மொதல்ல அந்தச் சட்டையக் கழத்துட்டி."

"எல்லாருக்கும் அந்த நாயத்தாம்மா பிடிச்சிருக்கு. ஒத்த வாலு நாயி எல்லாத் தெருவுலயும் கெடக்குல்லா?"

"சும்மா கெட. ஜூன்ல ஊருக்கே போயிருவோம். பள்ளிக்கூடத்துல டிசி வாங்கச் சொல்லி உங்கப்பாட்டச் சொல்லியாச்சு."

இதை ஜோதிகா அனுப்பிரியாவிடம் சொல்லி அழுதாள். அனுப்பிரியா என்னிடம் சொன்னார். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) ஆத்தப்பன் சின்னத்தாயின் வீட்டு வாசலில் வந்து கைகூப்புகிறார். (நல்ல மனிதர். ஆனால் தளத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. என் திருப்திக்காக அவரைக் குனிய வைப்பது நியாயமில்லை.)

ஆ) சின்னத்தாய் நூலகத்துக்குள் வருகிறார். நாற்பது பிள்ளைகளும் கைதட்டுகிறார்கள். (அனுப்பிரியாவிடம் படித்துக் காட்டினேன். "கை தட்டுனா அந்தக்கா வாசல்லயே திரும்பிருவாங்க சார். மேடையிலயே இருந்து பழகிட்டீங்க" என்றார்.)

இ) சாமி அவிநாசியப்பரையே வரவழைத்திருந்தேன். அவர் நேரில் வருவதைவிட ஆள் விட்டுச் செய்வதே வழக்கம் என்று தோன்றியதால்—

அந்த ஆள் அனுப்பிரியா என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. கிழிந்த புத்தகங்களைத் தரம் பிரித்து பைண்டிங்குக்கு அனுப்பும் வேலை கோடையில் உண்டு. ஒரு சாக்கு நிறையப் புத்தகங்களை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு சின்னத்தாயின் லைன் வீட்டுக்குப் போனார்.

"செக்கிங் தெரிஞ்ச ஆளு வேணுங்க அக்கா. எனக்குப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் தெரியுது. எதைத் தைக்கறது, எதைத் தள்ளறதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

"நான் செக் பண்ணுன லட்சணம் தெருவெல்லாம் ஓடுதே, பாக்கலியா?"

"பாத்தனுங்க. இருபது நாளா நாப்பது புள்ளைங்க இழுத்துப் புடிச்சு வெளையாடறாங்க. ஒரு ஓட்டை இல்லீங்க. ஒரு தையல் விடலீங்க."

அனுப்பிரியா சாக்கை இறக்கி வைத்துவிட்டு வந்தார். சாக்கு இரண்டு நாள் வாசலோரம் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் காலை ஜோதிகா கண்விழித்தபோது, அம்மா தரையில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் புரட்டி அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

6

"சார், கோவிச்சுக்காதீங்க" என்றார் அனுப்பிரியா. "சாக்குல இருந்த உங்க புஸ்தகத்தைச் சின்னத்தாயக்கா ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

நாற்பத்தொன்பதாம் பக்கத்திலிருந்து அறுபத்துநான்கு வரை இரண்டு தடவை இருந்ததாம். ஜோதிகா போனை வாங்கினாள்.

"சார், அம்ம கேக்கச் சொன்னாவ. இது டிசைனா, மிஸ்டேக்கா?"

வாசகரே, என் சோதனையைப் பாருங்கள். இந்த மாதிரிக் கதை எழுதுகிறவர்கள் இதற்கு டிசைன் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். கதை தன்னைத்தானே திரும்பிப் பார்க்கிறது என்று ஒரு கட்டுரையே எழுதலாம். முதல் வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது.

"மிஸ்டேக்தான் கண்ணு. அச்சாபீஸ்ல இருந்து வந்த முதல் பிரதியை நான்தான் பாத்து, சரியா இருக்குன்னு சொன்னேன். ஆறு வருஷமாச்சு. இதைக் கண்டுபிடிச்ச முதல் ஆளு உங்கம்மாதான்."

மறுநாள் ஜோதிகாவே போனில் வந்தாள். "'எழுதுனவருக்கே தெரியலையா'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவ சார். அப்பாகிட்டயும் சொல்லிச் சிரிச்சாவ." பிறகு, "ஆனா முப்பத்தொண்ணுக்கு வாரேன்னு சொல்லல" என்றாள்.

7

இதுவரை எழுதிவிட்டுப் படித்தபோதுதான் உறைத்தது. இது அந்த அம்மாளின் அவமானம். நாற்பது பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் முன்னால் இதை வாசிக்க நான் யார்? அவரைப் பார்த்துச் சிரித்த பெண்களில் சிலரும் அங்கே வரக்கூடும்.

ஆகவே இருபத்தொன்பதாம் தேதி, என்னிடம் இருந்த ஒரே பிரதியான இந்தப் பக்கங்களை அனுப்பிரியாவிடம் கொடுத்து, சின்னத்தாயிடம் சேர்க்கச் சொன்னேன். வேண்டாம் என்றால் வேறு கதை வாசிக்கிறேன் என்று ஒரு சீட்டும் வைத்தேன். (வேறு கதை என்னிடம் இல்லை. இதுவும் ஒரு பொய்தான்; அன்றைக்கே சுவாமி முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டேன்.)

முப்பத்தொன்றாம் தேதி, காலை பத்து மணி. அறை நிறைய இரட்டை வால் நாய்கள். மின்விசிறிக்குக் கீழே நிஜமாகவே ஒன்று. வேலுமணி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். சுவரோரமாகத் தாய்மார்கள், சிலர் ஆத்தப்பன் கம்பெனியில் ஷிப்டுக்கு நடுவே அனுமதி கேட்டுவிட்டு வந்தவர்கள். ஜோதிகாவைக் காணோம். பக்கங்களையும் காணோம். முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "இவருதான் எழுத்தாளரா? கையில ஒண்ணுமே காணமே" என்றாள்.

வெளியே இரும்புக் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினோம்.

இங்கே நிறுத்துகிறேன். பக்கங்கள் வந்து சேர்ந்தன. இல்லையென்றால் நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். இரண்டு வரிகளைச் சின்னத்தாய் எடுக்கச் சொல்லியிருந்தார். எடுத்துவிட்டேன், என்ன வரிகள் என்று கேட்காதீர்கள். ஆனால் அந்தப் பக்கங்களைக் கொண்டுவந்தது யார், ஜோதிகா தனியாகவா, ராக்கையாவா, இல்லை சின்னத்தாயேதானா என்பதை நான் எழுதப்போவதில்லை. என் ஆசை எதுவோ அதை அன்று காலையே வேண்டுதலாக வைத்துவிட்டேன். வேண்டுதலை வெளியே சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

முடிவை நீங்கள் எழுதுங்கள். யாரை வேண்டுமானாலும் உள்ளே வர விடுங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: அறை நிறைந்திருக்கிறது. வருகிறவர் உட்கார வேண்டுமென்றால், சுவரோரம் இருப்பவர்களில் யாராவது ஒருவர் கொஞ்சம் நகர வேண்டும்.