சொன்னதும் கேட்டதும்

வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் வீட்டுக் கூடத்தில், நான் ஒருநாளும் சொல்லாத ஒன்றை என் குரல் சொன்னது.

போட்டுக் காட்டியவள் என் மகள் ஜுவேரியா. தரமணி ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாக, பையைக்கூட இறக்காமல் டிவியைப் போட்டாள்.

"அம்மி, உங்க கானவன் ஆப்ல வந்துடுச்சு. நாப்பத்திரண்டு எபிசோடும். தமிழ்லயே."

தொண்ணூற்று மூன்றில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வந்த வெளிநாட்டுத் தொடர் அது. ராஜாவுக்கு அடங்காத ஒரு வில்லாளி காட்டில் ஆள் சேர்த்துக்கொண்டு, பிரபுக்களின் களஞ்சியங்களை உடைத்துப் பசித்தவர்களுக்குக் கொடுப்பான். தமிழில் அவனுக்குக் கானவன் என்று பெயர் வைத்தோம். ஒரு பத்திரிகையில் நிகழ்ச்சி நிரலில் 'காலை 11: கணவன்' என்று அச்சாகிவிட்டது. அதை என் கணவர் அக்பர் பாஷா கத்தரித்து, சைதாப்பேட்டையில் இருந்த தன் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஒட்டிவைத்தார். "என்னைப் பத்தி டிவில சீரியல் வருது" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

கானவனோடு காட்டில் இருப்பவள் எலினா. எலினாவின் தமிழ்க் குரல் நான்தான். பெயர் திரையில் வராது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது.

"முப்பத்தொன்பதாவது போடு" என்றேன்.

கானவனுக்கு ராஜா பொதுமன்னிப்புக் கொடுத்துவிடுகிறார். கூடவே ஒரு பட்டம், ஒரு குதிரை. காட்டை விட்டுக் கிளம்பும் நாளில் எலினாவிடம் வந்து நிற்கிறான். அவள் அவனுக்கும் நமக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடையைப் பார்க்கிறாள். முகம் தெரியாது. நான்கு விநாடி. அந்த நான்கு விநாடியில் எலினா என்ன சொல்வாள் என்று எனக்கு மனப்பாடம். முப்பது வருடமாகப் பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்த வசனம்.

என் குரல், இருபத்தைந்து வயதுக் குரல், கொஞ்சம்கூடப் பிசகாமல் சொன்னது: "உங்களை மன்னிச்சுட்டேன். போய்ட்டு வாங்க."

"இது நான் இல்ல" என்றேன்.

"உங்க குரல்தான் அம்மி."

"குரல் என்னுது. நான் இதைச் சொல்லல."

சாய்வு நாற்காலியில் ஹஜ் பிரார்த்தனைகளுக்கான துஆ புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அக்பர் பாஷா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பதினோரு நாளில் அவருக்கு ஹஜ் விமானம். "பார்த்தியா ரூபீ, அங்கேயே மாஃப் பண்ணிட்ட. நீ பெரிய மனசுக்காரி" என்றார், சந்தோஷமாக. எங்கள் வீட்டு உருதுவில் மாஃப் என்றால் மன்னிப்பு.

என் கையில் டீ டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று மட்டும் அப்போது தோன்றியது. வைத்தேன்.

*

டப்பிங் என்றால் பேசுவது என்று நினைக்கிறார்கள். பார்ப்பதுதான் டப்பிங். தி.நகரில் எங்கள் டப்பிங் தியேட்டரில் டைரக்டர் துரைராஜ் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்: "கண்ணைப் பாக்காதம்மா, உதட்டைப் பாரு. உதடு மூடுற எடத்துல பானா போடு, மானா போடு. மூடாத எடத்துல போட்டியோ, ஊரே சிரிக்கும்." வெள்ளைக்காரி உதட்டை மூடும் இடத்தில் எல்லாம் எங்களுக்கு ஒரு 'ம' வேண்டும், ஒரு 'ப' வேண்டும். அதற்காக 'வேண்டாம்' என்ற சொல் 'போதும்' ஆகும். 'தண்ணீர்' என்பது 'பானம்' ஆகும். கொஞ்ச நாளில் எனக்கு எல்லார் உதடும் அப்படித்தான் தெரிந்தது. மீன்காரி, பஸ் கண்டக்டர், மாமியார். வார்த்தை வெளியே வருவதற்கு முன்பே உதடு சொல்லிவிடும்.

முதுகைக் காட்டும் இடம் மட்டும் எங்களுக்குச் சொந்தம். அதைத் துரைராஜ் முதுகு ஷாட் என்பார். "உதடு தெரியல இல்ல? இன்னா வேணா பேசு. நீளம் மட்டும் சரியா இருக்கணும்."

அன்றைக்கு எழுதித் தந்த வசனம் மன்னித்துவிட்டேன் என்றுதான் இருந்தது. ஹெட்ஃபோனில் ஓடைச் சத்தம் வந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"நீ போ. காடு வராது. நானும் வரமாட்டேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துரைராஜ் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மைக்கில் வந்தார். "யாரு எழுதினது இது?"

"தெரியாம வந்துடுச்சு சார். இன்னொரு டேக் போயிடலாம்."

"வாயை மூடு. இதுதான் டேக்."

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். கல்யாணமாகி ஒன்றரை வருடம். கோபப்பட எனக்குக் காரணமே இல்லை. காரணம் பிறகுதான் வந்தது. கோபம் முன்னாலேயே வந்து அதற்காகக் காத்திருந்தது போல.

தொண்ணூற்று நான்கில் ஜுவேரியா பிறந்தாள். ஆறு மாதம் கழித்து வரச்சொல்லுவதாகத் துரைராஜ் சொல்லியிருந்தார். போன் வரவில்லை. குழந்தை பெற்றதில் குரல் கெட்டுவிட்டது, அதை அவர் எப்படியோ தெரிந்துகொண்டுவிட்டார் என்று நினைத்தேன். மிளகுக் கஷாயம் குடித்தேன். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு எலினாவைப் பேசிப் பார்த்தேன். ஒரு வருடம். அதற்குப் பிறகு குழாயையும் திறக்கவில்லை, வாய்விட்டுப் பேசிப் பார்க்கவும் இல்லை.

பதினோரு வருடம் கழித்துப் பாண்டி பஜாரில் பள்ளிக்கூட ஷூ வாங்கப் போனபோது துரைராஜ் எதிரே வந்தார். "இன்னாம்மா, இனிமே டப்பிங்கே வேணான்னுட்டியாமே? மூணு வாட்டி போன் பண்ணேன். உங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு. அப்பறம் உன் எடத்துக்கு வேற பொண்ணைப் போட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அக்பர் பாஷா ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அப்போ புள்ள சின்னது. நீ அல்லாடுவேன்னு சொல்லிட்டேன். மறந்தே போயிட்டேன். சரி, மாஃப் கர்தோ ரூபீ." தலை நிமிரவில்லை. அடுத்த லென்ஸை எடுத்தார்.

"மாஃப்" என்றேன். அன்று இரவு குஸ்காவும் செய்தேன். அவருக்குப் பிடிக்கும்.

வீட்டில் அந்தச் சொல்லை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லாத ஒரே இடம் அந்த நான்கு விநாடிதான். அங்கேயும் இப்போது என்னைச் சொல்ல வைத்துவிட்டார்கள்.

*

திங்கட்கிழமை ஜுவேரியா தன் ஸ்கூட்டரில் என்னைத் தரமணிக்குக் கூட்டிப்போனாள். தொடரை வாங்கியிருக்கும் கம்பெனி அவள் ஆபீசுக்கு இரண்டு கட்டிடம் தள்ளி. செந்தில்குமார் என்று ஒரு பையன், தாடி, கழுத்தில் அடையாள அட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"மேடம், நாங்களே உங்களைத் தேடிக்கிட்டிருந்தோம். டேப்ல அந்த எடம் பூஞ்சை புடிச்சுப் போச்சு. ஒண்ணுமே கேக்கல. அதான் உங்க மத்த எபிசோடெல்லாம் கம்ப்யூட்டருக்குக் குடுத்து, உங்க வாய்ஸ்லயே அந்த லைனை உண்டாக்கினோம். சூப்பரா வந்துச்சு இல்ல?"

"அந்த வசனம் யாரு குடுத்தது?"

"ஒரிஜினல்ல அதான் மேடம் இருக்கு. எலினா மன்னிச்சுடுவாங்க."

"என் எலினா மன்னிக்கல."

அவன் சிரிக்கலாமா என்று யோசித்தான். பிறகு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினான். ஒப்புதல் கடிதம். என் குரலைப் பயன்படுத்த எனக்கு ஆட்சேபம் இல்லை என்று இருந்தது.

"பேச வெச்சுட்டு அப்புறம் கேக்கறீங்களா?" என்றேன். "ஒரு பொம்பளை வாயில வார்த்தையைப் போட்டாச்சு. ஊரே கேட்டாச்சு. இப்ப வந்து ஆட்சேபம் உண்டான்னு கேட்டா என்ன அர்த்தம்?" என் குரல் உயர்ந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாலைந்து தலைகள் திரும்பின. திரும்பட்டும். "நான் செத்தா போயிட்டேன்? கச்சேரி ரோட்டுல இருக்கேன். ஒரு போன் பண்ணியிருந்தா வந்து பேசியிருப்பேனே."

"அம்மி…" என்றாள் ஜுவேரியா.

"நீ இரு."

செந்தில்குமார் தலையைச் சொறிந்தான். "அந்த லைன் என்னா மேடம், நீங்க பேசினது?"

சொன்னேன். அவன் முகம் மாறியது. ஆபீஸ் பேச்சும் போய்விட்டது.

"அய்யோ, இதா? எங்கம்மா எங்க நைனாகிட்ட சண்ட போட்டா இதானே சொல்லும்! மூட்ட கட்டிக்கினு ஊருக்கு வான்னு அவரு கூப்டா, 'நீ போ, காடு வராது'ன்னும். சைதாப்பேட்டையில எங்க தெருவுக்கே தெரியும். அது ஏதோ எங்கம்மா சொந்த டயலாக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

தாளை அவன் பக்கமே தள்ளினேன்.

"அப்போ அதையே போடு. நானே வந்து பேசறேன். அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

"தப்பா நெனைக்காதீங்க மேடம். வாய்ஸ் இப்ப கொஞ்சம் வயசான மாதிரி…"

"முதுகு ஷாட்டுப்பா அது. முதுகுக்கு வயசு தெரியாது."

மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றான். தாளை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஜுவேரியாவுக்குத் தகவல் வந்தது. வெளிநாட்டு உரிமைக்காரர்கள் ஒரிஜினலுக்கு மாறாக எதையும் சேர்க்கச் சம்மதிக்கவில்லையாம். நான் கையெழுத்துப் போடாததால் அந்த இடத்தில் குரலை மட்டும் எடுத்துவிட்டார்களாம். செந்தில்குமார் தனியாக எழுதியிருந்தான்: 'சாரி மேடம். அம்மா திட்டுச்சு.'

போட்டுப் பார்த்தோம். எலினா முதுகைக் காட்டி நிற்கிறாள். காற்று. ஓடை. அவள் தோள் லேசாக ஏறி இறங்குகிறது. அவள் ஏதோ சொல்லியிருக்கிறாள், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. கானவன் தலையைக் குனிந்து குதிரை ஏறுகிறான்.

"ஜெயிச்சுட்டீங்க அம்மி" என்றாள் ஜுவேரியா.

"வாயைப் பொத்தியிருக்காங்கடி. இதுக்குப் பேரு ஜெயிக்கறதா?"

அடுப்படிக்குப் போய் ஒரு கிலோ வெங்காயத்தையும் நறுக்கினேன். எதற்கென்று தெரியாமல்.

*

ஹஜ்ஜுக்குப் போகிறவர் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார். எங்கள் வழக்கம். 'கஹா சுனா மாஃப் கர்னா' என்பார்கள். சொன்னதையும் கேட்டதையும் மன்னித்துவிடு. கேட்கப்பட்டவர் 'மாஃப்' என்பார். கட்டிக்கொள்வார்கள். பார்க்க நன்றாகவே இருக்கும்.

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணி. கூடம் நிறைய உறவுக்காரர்கள். பெட்டிகளில் பச்சை ரிப்பன் கட்டியிருந்தது. அக்பர் பாஷா புது வெள்ளை ஜிப்பாவில் ஒவ்வொருவராகப் போனார். வாடகை பாக்கிக்காகச் சண்டை போட்டுப் பத்து வருடமாகப் பேசாத தம்பியிடம்கூடப் போனார். இருவரும் அழுதார்கள். நான் சுவரோரமாக நின்று எல்லார் உதடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். 'மாஃப்' என்பதற்கு உதடு மூடித் திறக்க வேண்டும். எல்லார் உதடும் சரியாக மூடித் திறந்தது.

கடைசியாக என்னிடம் வந்தார். கண்ணில் ஈரம் இருந்தது. அது பொய்யில்லை. அவர் பொய்க்காரர் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ரூபீ, கஹா சுனா மாஃப் கர்னா."

வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொள்ளலாம். முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டால் அழுகிறாள் என்று விட்டுவிடுவார்கள். முப்பத்திரண்டு வருடமாக நான் உண்மை பேசியது முதுகைக் காட்டி மட்டும்தான்.

அவர் முகத்தைப் பார்த்தேன். என் உதடு அவருக்குத் தெரிகிற மாதிரி நின்றேன்.

"கஹா மாஃப்" என்றேன். "நீங்க என்னைச் சொன்னதெல்லாம் மாஃப். சுனா மாஃப். நான் கேட்டதெல்லாம் மாஃப்."

அவர் என்னைத் தொடக் கையை நீட்டினார்.

"கியா?" என்றேன். "நீங்க செஞ்சது? அது இந்த வாக்கியத்துலயே இல்லையே."

அவருடைய அக்கா ஜமீலுன்னிசா ஆபா பெட்டிமேலிருந்து எழுந்தார். "தோபா! அல்லா வீட்டுக்குக் கெளம்பற மனுஷன்கிட்ட பேசற பேச்சா இது? எல்லாத்துக்கும் சேத்துதாண்டி கேக்கறான்."

"சேத்துக் கேக்கறது வேற ஆபா. அவரு துரைராஜ் சார் பண்ண போனை எடுத்து வேணான்னுட்டாரு. மூணு வாட்டி. நான் பக்கத்து ரூம்ல புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டிருந்தேன். ஒரு குரல் கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன். அதுக்காக அவர் ஒருநாளும் மாஃப் கேக்கல. என்னைப் பாத்துக் கேக்கல. லென்ஸைப் பாத்துக் கேட்டாரு."

"முப்பது வருஷத்துக் கதையை இப்போ…"

"எனக்கு முப்பது வருஷமும் இப்போதான் ஆபா."

என் குரல் நடுங்கவில்லை. வயசான குரல்தான். கரகரப்பாக இருந்தது. தோளுக்குப் பின்னால் ஜுவேரியா வந்து நிற்பது தெரிந்தது. அவளுக்கு இது இன்றுதான் தெரியும்.

"போய்ட்டு வாங்க" என்றேன் அவரிடம். "நல்லபடியா செஞ்சுட்டு வாங்க, துஆ பண்றேன். ஆனா அதை இன்னும் நீங்க கேக்கல. இப்ப கேளுங்க. போன் எடுத்ததைச் சொல்லிக் கேளுங்க. கேட்டா நான் யோசிப்பேன்."

அக்பர் பாஷா என்னையே பார்த்தார். கண்ணாடி நழுவியதைச் சரி செய்யவில்லை. எனக்கு அவர் முகத்தில் வேறெதுவும் தெரியவில்லை. உதட்டை மட்டும் பார்த்தேன். பழைய பழக்கம். 'மாஃப்' என்று சொல்ல அது முதலில் மூட வேண்டும். மூடி, பிறகு திறக்க வேண்டும்.

தெருவில் ஹாரன் அடித்தது.

"டாக்ஸி" என்றார்.

அந்தச் சொல்லில் உதடு எங்கேயும் மூடாது.