விரலுக்குத் தெரிந்த எல்லை

தவறான கோட்டின் மேல் கறுப்பு மை தடவினால் கோடு மறைந்துவிடும். ரோஸி தடவிய கோடு மறையவில்லை.

மீனம்பாக்கம் சரக்கு முனையத்தில் சுங்க அதிகாரி சத்யபிரியா அந்தத் தாளில் விரலை ஓட்டினார். “கண்ணுக்குத் தெரியல மேடம். விரலுக்குத் தெரியுது. பசங்க விரலாலதானே படிப்பாங்க?”

அவை பிரெயில் அட்லஸ்கள். சேலையூரில் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்காக, அதன் நூலகர் ரோஸி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவை. ஆசியப் படத்தில் இந்தியாவின் வடக்கு எல்லை நம் அரசு ஏற்கும் வடிவில் இல்லை. திருத்தினால் விடுவிப்பார்கள், இல்லையென்றால் பெட்டிகள் திரும்பிப் போகும்.

“திங்கட்கிழமை வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். திருப்பி அனுப்ப எனக்கும் மனசில்ல,” என்று மாதிரித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

பள்ளியில் ரோஸி நடந்ததைச் சொன்னதும் புவியியல் ஆசிரியர் சாலமன் சிரித்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். “இன்னாக்கா, நான் கறுப்பு சட்டை போட்டுகினா தொட்டா தெரியாம பூடுவேனா?”

“சிரி. பெட்டி திரும்பிப் போச்சுன்னா இந்த வருஷமும் நீ வாயாலதான் மேப் போடணும்.”

சாலமன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாளை வாங்கினார். பிரெயிலில் கோடு என்பது பின்புறமிருந்து குத்தி எழுப்பிய புள்ளிகளின் வரிசை. எழுந்ததை அமுக்கவும் முடியும். பிழையான எழுத்தை அழிக்க வைத்திருக்கும் மழுங்கிய மரக்குச்சியால் ஒவ்வொரு புள்ளியாக அழுத்தினார். பழைய எல்லை தட்டையானது.

புதிய எல்லையை ரோஸி முதலில் ஒரு வெற்றுத்தாளில் குத்திப் பார்த்தார். சாலமன் திருப்பித் தடவினார்.

“உங்க அருணாச்சலப் பிரதேசம் குஜராத் பக்கம் வந்து கீதுக்கா.”

பின்னாலிருந்து குத்தினால் முன்னால் இடவலம் மாறிவிடும். பிரெயில் எழுதும்போது சாலமன் தினமும் வலமிருந்து இடமாகத்தான் குத்துகிறார். ரோஸிக்கு அது தோன்றவே இல்லை. இருவரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

திங்கட்கிழமை சத்யபிரியா கண்ணை மூடிக்கொண்டு வடக்கு எல்லையை மெதுவாகத் தடவினார். பிறகு அரசு வெளியிட்ட படத்தோடு ஒப்பிட்டார்.

“சரியா இருக்கு. மீதியையும் இங்கேயே உக்காந்து திருத்துங்க, விட்டுடுறேன். எப்படிச் செஞ்சீங்க?”

ரோஸி சொன்னார்: “பழைய புள்ளிய முன்னாலேர்ந்து அமுக்கிட்டோம். அரசுப் படத்த இதே அளவுக்கு மாத்தி, மெல்லிசு தாள்ல படி எடுத்தோம். அந்தப் படியக் கவுத்து அட்லஸ் தாளுக்குப் பின்னால வெச்சோம். கடற்கரைப் புள்ளி பின்னால குழியா இருக்கும், அதோட படியில இருக்கிற கடற்கரையப் பொருத்தினா இடம் நகராது. அடியில ரப்பர் விரிப்பு போட்டு, கோட்டு மேலயே குத்தினோம். திருப்பினா எல்லை சரியான பக்கம் எழுந்து நிக்குது.”